உகோ செர்லெட்டி

உகோ செர்லெட்டி (செப்டம்பர் 26, 1877 – ஜூலை 25, 1963) இத்தாலிய நரம்பியல் மருத்துவரும் உளநோய் மருத்துவரும் ஆவார். தலையின் வழியே மிகக் குறுகிய நேரம் மின்சாரத்தைச் செலுத்தி வலிப்பை உண்டாக்கும் மின்னதிர்ச்சி சிகிச்சையை, 1938 ஆம் ஆண்டில் உரோம் நகரில் தமது உதவியாளர் லூச்சோ பினியுடன் சேர்ந்து முதன்முதலாக ஒரு நோயாளிக்கு அளித்தவர் இவரே. மனச்சிதைவு நோய்க்கென்று உருவாக்கப்பட்ட இம்முறை, பின்னர் கடுமையான மனச்சோர்வு நோய்க்கே அதிகம் பயன்படுவது தெரிய வந்தது. மூளையையோ நரம்பையோ மின்சாரத்தாலும் காந்தப்புலத்தாலும் தூண்டி மனச்சோர்வைக் குணப்படுத்த முயலும் பிற்கால முறைகள் பலவும் இதனோடு ஒப்பிட்டே மதிப்பிடப்படுகின்றன. உளமருத்துவ வரலாற்றில் செர்லெட்டியைப் போல நன்றிக்கும் வெறுப்புக்கும் ஒருசேர ஆளானவர்கள் மிகச் சிலரே.

இளமையும் கல்வியும்

செர்லெட்டி வட இத்தாலியின் வெனெட்டோ பகுதியிலுள்ள கொனெல்யானோ என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஜொவான்னி பத்திஸ்தா செர்லெட்டி திராட்சை வேளாண்மையிலும் மது வடிப்பிலும் வல்லுநர். அவ்வூரில் 1876 இல் தொடங்கப்பட்ட திராட்சை வேளாண்மைப் பள்ளியை நிறுவியவர்களுள் ஒருவர். மகன் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தார். துரின் நகரிலும் உரோமிலும் பயின்று 1901 இல் பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் நரம்புத் திசுக்களைச் சாயமேற்றி நுண்நோக்கியில் ஆராய்வது வேகமாக வளர்ந்து வந்த துறையாக இருந்தது. மனநோய் என்பது மூளைத் திசுவில் கண்ணால் காணக்கூடிய மாற்றமாகவே இருக்க வேண்டும் என்று பலர் நம்பினர். செர்லெட்டியும் அந்நம்பிக்கையோடு ஐரோப்பாவின் சிறந்த ஆய்வுக்கூடங்களுக்குச் சென்றார். பாரிசில் பியர் மரியிடமும், ஹைடல்பெர்க்கில் ஃபிரான்ஸ் நிசிலிடமும், மியூனிக்கில் எமில் கிரெப்பலின், அலோய்ஸ் ஆல்சைமர் ஆகியோரிடமும் பயிற்சி பெற்றார். பிற்காலத்தில் மின்சாரப் பெட்டியோடு மட்டுமே இணைத்துப் பேசப்பட்ட இவர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை நுண்நோக்கியின் முன் கழித்தவர் என்பது பலராலும் மறக்கப்பட்டுவிட்டது.

முதலாம் உலகப் போரின்போது இத்தாலிய மலைப்படையில் மருத்துவ அதிகாரியாகப் பணியாற்றினார். பனி மூடிய ஆல்ப்ஸ் மலையில் கருநிறச் சீருடை அணிந்த வீரர்கள் எதிரிக்கு எளிய இலக்காவதைக் கண்டு, அவர்களுக்கு வெண்ணிற உடை தரவேண்டும் என்று பரிந்துரைத்தார். பீரங்கிக் குண்டுகள் தாமதமாக வெடிப்பதற்கான திரி ஒன்றையும் இவர் வடிவமைத்தார். கருவிகளின் மீது இவருக்கு இருந்த ஈடுபாட்டுக்கு இது ஒரு சான்று.

போருக்குப் பின் மிலானை அடுத்த மொம்பெல்லோ மனநோய் மருத்துவமனையின் நரம்பு உயிரியல் ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை ஏற்றார். 1924 இல் பாரி பல்கலைக்கழகத்திலும் 1928 இல் ஜெனோவா பல்கலைக்கழகத்திலும் பேராசிரியரானார். 1935 இல் உரோம் பல்கலைக்கழகத்தின் நரம்பு, மனநோய்த் துறையின் தலைவராகப் பொறுப்பேற்றார்.

வலிப்பு பற்றிய ஆய்வு

மின்னதிர்ச்சி சிகிச்சை, சிகிச்சை ஒன்றைத் தேடிச் சென்றதால் கிடைத்தது அன்று. வலிப்பு நோயால் இறந்தவர்களின் மூளையில், நினைவாற்றலுடன் தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி சுருங்கிக் கெட்டிப்பட்டிருப்பதை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். இந்தச் சிதைவு வலிப்புக்குக் காரணமா, அல்லது மீண்டும் மீண்டும் வந்த வலிப்பின் விளைவா என்பதே செர்லெட்டியின் கேள்வி. விடை காண, நோயற்ற விலங்குக்கு வலிப்பை உண்டாக்கிப் பின் அதன் மூளையை ஆராய வேண்டும். மருந்து கொடுத்து வலிப்பை உண்டாக்கினால், காணப்படும் சிதைவு வலிப்பினால் வந்ததா மருந்தின் நச்சினால் வந்ததா என்று பிரித்தறிய இயலாது. மின்சாரம் உடலில் எந்த வேதிப்பொருளையும் விட்டுச் செல்வதில்லை என்பதால் அவர் அதனைத் தேர்ந்தெடுத்தார்.

ஜெனோவாவில் நாய்களிடம் இச்சோதனைகள் நடந்தன. மின்முனைகளில் ஒன்று வாயிலும் மற்றொன்று குதத்திலும் வைக்கப்பட்டன. வலிப்பு வந்தது, ஆனால் நாய்களில் ஏறத்தாழப் பாதி இறந்தன. காரணம் எளியது: வாயிலிருந்து குதத்துக்குச் செல்லும் மின்னோட்டம் வழியில் இதயத்தைக் கடக்கிறது, அப்போது இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைந்து உயிர் பிரிகிறது. உரோமுக்கு வந்த பின்னர், செர்லெட்டியின் உதவியாளராக இருந்த லூச்சோ பினி இரு மின்முனைகளையும் தலையின் இரு பக்கங்களிலும் நெற்றிப்பொட்டில் வைத்தார். மின்னோட்டம் தலையோடு நின்றது, நாய்கள் பிழைத்தன. பின்னாளில் இக்கண்டுபிடிப்பில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுந்த விவாதத்தில், பினியின் ஆதரவாளர்கள் முதலில் சுட்டிக்காட்டுவது இந்த இடமாற்றத்தையே. இது நியாயமான வாதமே; மின்முனைகள் பழைய இடத்தில் இருந்திருந்தால் இம்முறையை மனிதரிடம் எவரும் பயன்படுத்தத் துணிந்திருக்க முடியாது.

வலிப்பு ஒரு மருந்தாகும் என்ற எண்ணம்

அக்காலத்தில் மனநோய்க்கு மருந்தென்று சொல்லத்தக்கது எதுவும் இருக்கவில்லை. காப்பகங்களில் சேர்க்கப்பட்டவர்களில் பலர் அங்கேயே முதுமையடைந்து இறந்தனர். இந்நிலையில் வியன்னாவில் யூலியஸ் வாக்னர் யாவ்ரெக், மூளையைத் தாக்கிய மேகநோய்க்கு மலேரியாக் காய்ச்சலை உண்டாக்கிச் சிகிச்சை அளித்து 1927 இல் நோபல் பரிசு பெற்றார். உடலை உலுக்கினால் மனமும் மாறும் என்ற எண்ணம் அதனால் வலுப்பெற்றது. மான்ஃபிரட் சாக்கேல் இன்சுலின் செலுத்தி நோயாளிகளை ஆழ்மயக்கத்தில் ஆழ்த்தினார். புடாபெஸ்டில் லாடிஸ்லாஸ் மெடூனா, வலிப்பு நோயும் மனச்சிதைவும் ஒன்றுக்கொன்று பகையானவை என்று கருதி, 1934 இல் முதலில் கற்பூரத்தையும் பின்னர் கார்டியசால் என்னும் மருந்தையும் கொண்டு வலிப்பை உண்டாக்கினார். மெடூனாவின் கருதுகோள் தவறு என்பது பின்னர் தெரிந்தது. ஆனாலும் அவருடைய நோயாளிகளில் சிலர் குணமடைந்தனர்.

கார்டியசாலுக்கு ஒரு கொடிய குறை இருந்தது. ஊசி போட்டதற்கும் வலிப்பு வருவதற்கும் இடைப்பட்ட நேரத்தில், சாவு நெருங்கிவிட்டது போன்ற தாங்கொணாத அச்சம் நோயாளியைப் பற்றிக்கொண்டது. ஒருமுறை அதற்கு ஆட்பட்டவர்கள் மறுமுறை ஊசியைக் கண்டாலே நடுங்கினர். மின்சாரத்தாலோ நினைவு நொடியில் தப்பிவிடும். அச்சத்துக்கு இடமே இராது. நாய்களில் மின்சாரத்தால் வலிப்பை உண்டாக்கிக் கொண்டிருந்த செர்லெட்டியின் குழுவினருக்கு இது இயல்பாகவே தோன்றியது. 1937 இல் சுவிட்சர்லாந்தின் முன்சிங்கனில் நடந்த மாநாட்டில் பினி இவ்வாய்வுகளைப் பற்றிப் பேசினார். எனினும் மனிதரின் தலையில் மின்சாரத்தைச் செலுத்துவது என்றதும் அனைவருக்கும் மின்நாற்காலியே நினைவுக்கு வந்தது. செர்லெட்டியும் தயங்கினார்.

இறைச்சிக்கூடத்தில்

உரோமின் இறைச்சிக்கூடத்தில் பன்றிகளை மின்சாரத்தால் கொல்கிறார்கள் என்று செர்லெட்டி கேள்விப்பட்டார். நேரில் சென்று பார்த்தபோது அது உண்மையன்று என்று தெரிந்தது. பெரிய இடுக்கி ஒன்றினால் பன்றியின் இரு நெற்றிப்பொட்டுகளையும் பற்றி 125 வோல்ட் மின்சாரத்தைச் செலுத்தினர். பன்றி விறைத்து விழுந்து வலிப்புக்கு உள்ளாகும். அந்த மயக்க நிலையில் கசாப்புக்காரர் கழுத்தை அறுப்பார். அறுக்காமல் விட்ட பன்றி சில நிமிடங்களில் எழுந்து நடந்தது.

செர்லெட்டி அங்கேயே சோதனைகளைத் தொடங்கினார். வலிப்பை உண்டாக்க எவ்வளவு மின்சாரம் தேவை, உயிரைப் போக்க எவ்வளவு தேவை என்று அளந்தார். தலையின் வழியே மட்டும் சென்றால் வலிப்புக்கு ஒரு நொடியின் சிறு பகுதியே போதும். கொல்வதற்கு அதைப்போலப் பல மடங்கு நேரம் வேண்டும். இரண்டுக்கும் இடையே போதிய அகலமான பாதுகாப்பு எல்லை இருப்பது உறுதியாயிற்று.

1938 ஏப்ரல்

முதல் நோயாளி மிலானைச் சேர்ந்த 39 வயதுப் பொறியாளர். உரோமின் தெர்மினி இரயில் நிலையத்தில் அலைந்து திரிந்த அவரைக் காவல்துறையினர் பிடித்து மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தனர். தம் எண்ணங்கள் வெளியிலிருந்து இயக்கப்படுகின்றன என்று நம்பினார். தாமே புனைந்த பொருளற்ற சொற்களில் பேசியதால் அவர் சொல்வது எவருக்கும் விளங்கவில்லை. மனச்சிதைவு என்று நோய் கணிக்கப்பட்டது. உறவினர் எவரும் உடன் இல்லை.

சோதனை ஆரவாரமின்றி, ஏறத்தாழ மறைவாகவே நடந்தது. பினி செய்திருந்த கருவி மின்னழுத்தத்தையும் நேரத்தையும் கட்டுப்படுத்தியது. முதலில் ஏறத்தாழ 80 வோல்ட் மின்சாரம் ஒரு நொடியின் சிறு பகுதி மட்டும் செலுத்தப்பட்டது. நோயாளியின் உடல் ஒருமுறை துள்ளி விறைத்தது. ஆனால் வலிப்பு வரவில்லை, நினைவும் தப்பவில்லை. அவர் பாடத் தொடங்கினார். அளவை உயர்த்தி மறுபடி செய்வதா, வேறொரு நாளுக்குத் தள்ளிவைப்பதா என்று மருத்துவர்கள் படுக்கையருகே நின்று பேசிக்கொண்டிருந்தபோது, அதுவரை புரியும்படி ஒரு சொல்லும் பேசாத அம்மனிதர், தெளிவான இத்தாலிய மொழியில், இன்னொரு முறை வேண்டாம், அது உயிரைக் கொல்லும் என்ற பொருளில் கூறினார்.

உடனிருந்தவர்கள் கலங்கினர். செர்லெட்டி தொடரச் சொன்னார். இம்முறை அளவு உயர்த்தப்பட்டது. முழுமையான வலிப்பு ஏற்பட்டது. மூச்சு நின்று முகம் நீலம் பாரித்தது. அந்தச் சில நொடிகள் அறையில் இருந்தவர்களுக்கு மிக நீண்டனவாக இருந்தன. பின்னர் ஆழ்ந்த மூச்சொன்று வந்தது. சிறிது நேரத்தில் நோயாளி அமைதியாக எழுந்து அமர்ந்தார். என்ன நடந்தது என்று கேட்டபோது, தெரியவில்லை, உறங்கியிருக்கலாம் என்ற பொருளில் மறுமொழி கூறினார்.

மேற்கண்டது செர்லெட்டி பின்னாளில் எழுதிய வடிவம். அறையில் இருந்த மற்றொரு உதவியாளரான ஃபெர்டினாண்டோ அக்கோர்னேரோவின் நினைவுக் குறிப்பும் பினியின் பதிவுகளும் சில விவரங்களில் இதனோடு முரண்படுகின்றன. குறிப்பாக நாள் கணக்கிலும், வெற்றி பெற்ற முயற்சி முதல் முயற்சி நடந்த அன்றே நடந்ததா என்பதிலும் வேறுபாடு உள்ளது. நோயாளி வேண்டாம் என்று சொன்னதைச் செர்லெட்டி தாமே எழுதி வைத்தார் என்பது கவனிக்கத்தக்கது. அவர் அதை மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. அதேவேளை, அச்சொல்லை ஒரு மனிதரின் மறுப்பாக அவர் அன்று ஏற்கவும் இல்லை. நோயாளியின் ஒப்புதல் என்ற கருத்து அன்றைய இத்தாலியக் காப்பகங்களில் நடைமுறையில் இல்லை. 1904 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தமக்கோ பிறருக்கோ ஆபத்தானவர் எனக் கருதப்பட்டவர் காப்பகத்தில் அடைக்கப்படலாம். அதன்பின் முடிவுகள் எல்லாம் மருத்துவருடையனவே.

அப்பொறியாளருக்கு 11 முழுமையான சிகிச்சைகளும் 3 முழுமையடையாத சிகிச்சைகளும் அளிக்கப்பட்டன. ஏறத்தாழ இரண்டு மாதங்களில் தெளிவு பெற்று வீடு திரும்பி மீண்டும் வேலைக்குச் சென்றார். ஆனால் சில மாதங்களிலேயே இரவு நேரங்களில் கண்ணுக்குத் தெரியாதவர்களுடன் பேசத் தொடங்கிவிட்டதாக அவர் மனைவி பின்னர் தெரிவித்தார். மின்னதிர்ச்சி சிகிச்சையின் நற்பயன், தொடர் சிகிச்சை இல்லாவிடில் நிலைப்பதில்லை என்பதை முதல் நோயாளியே காட்டிவிட்டார் எனலாம்.

பரவலும் மனச்சோர்வு நோயும்

1938 மே மாதத்தில் உரோமின் மருத்துவக் கழகத்தில் செர்லெட்டியும் பினியும் இம்முறையை அறிவித்தனர். செர்லெட்டி இதற்கு எலெட்ரோஷாக் என்று பெயரிட்டார். நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறி உரோமில் தங்கியிருந்த லோத்தர் கலினோவ்ஸ்கி இதனைக் கற்றுக்கொண்டு ஐரோப்பாவின் பிற நாடுகளுக்கும், 1940 இல் அமெரிக்காவுக்கும் எடுத்துச் சென்றார். கருவி மலிவானது, எங்கும் கொண்டு செல்லத்தக்கது, பயன்படுத்த எளியது. இன்சுலின் சிகிச்சைக்கு நோயாளி ஒருவருக்கு மணிக்கணக்கில் செவிலியர் காவல் வேண்டும். இதற்குச் சில நிமிடங்கள் போதும். சில ஆண்டுகளில் உலகெங்கும் பரவிவிட்டது.

மனச்சிதைவைக் காட்டிலும் கடும் மனச்சோர்விலேயே இது சிறப்பாகப் பலனளிக்கிறது என்பது விரைவில் புலப்பட்டது. உணவை மறுத்து, அசைவற்றுக் கிடந்து, தற்கொலையை நாடிய நோயாளிகள் சில வாரங்களில் எழுந்து உண்ணத் தொடங்கினர். 1950களின் பிற்பகுதி வரை மனச்சோர்வுக்கு மருந்துகள் கிடைக்காத நிலையில் இதன் மதிப்பை ஊகித்துக்கொள்ளலாம்.

எளிமையே இதற்குக் கேடாகவும் அமைந்தது. கூட்டம் நிரம்பிய காப்பகங்களில் நோயைக் குணப்படுத்த மட்டுமன்றி, அடங்காதவர்களை அடக்கவும் அச்சுறுத்தவும் இது பயன்படுத்தப்பட்டது. தொடக்கத்தில் மயக்க மருந்து கிடையாது. வலிப்பின் வேகத்தில் முதுகெலும்பும் பிற எலும்புகளும் முறிந்தன. 1940 முதல் குராரே என்னும் தசைத் தளர்த்தியும், 1950களில் அதனினும் பாதுகாப்பான சக்சினைல்கோலினும், மயக்க மருந்தும் சேர்க்கப்பட்டன. இவ்விரண்டும் இல்லாமல் செய்யும் பழைய முறை பல நாடுகளில் வெகுகாலம் நீடித்தது. இந்தியாவில் 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே அதைத் தடை செய்தது.

கென் கேசியின் குக்கூவின் கூட்டைப் பற்றிய 1962 ஆம் ஆண்டுப் புதினமும், 1975 இல் வெளிவந்த அதன் திரைப்பட வடிவமும் இச்சிகிச்சையைத் தண்டனைக் கருவியாகவே மக்கள் மனத்தில் பதியச் செய்தன. இத்தாலியிலும் ஃபிராங்கோ பசாலியா முன்னின்று நடத்திய இயக்கத்தின் விளைவாக 1978 இல் மனநோய்க் காப்பகங்களை மூடும் சட்டம் இயற்றப்பட்டது. இதன் பின்னர் இம்முறை தான் பிறந்த நாட்டிலேயே மிக அரிதாகிவிட்டது.

செர்லெட்டியின் ஐயமும் பிற்கால ஆய்வும்

தம் கண்டுபிடிப்பில் செர்லெட்டி முழு மனநிறைவு கொண்டிருக்கவில்லை. முதல் நோயாளியின் எதிர்வினையைக் கண்டபோதே இது ஒழிக்கப்பட வேண்டியது என்று தமக்குத் தோன்றியதாகவும், இதற்கு மாற்று ஒன்று வரும் நாளை அன்றிலிருந்தே எதிர்நோக்கியிருந்ததாகவும் அவர் பின்னர் எழுதினார்.

அம்மாற்றைத் தாமே தேடினார். குணமாக்குவது மின்சாரமும் அன்று, வலிப்பும் அன்று. சாவின் விளிம்பில் நிற்பதாக உணரும் மூளை தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் ஏதோ ஒரு பொருளே என்று அவர் கருதினார். அதற்கு அக்ரோஅகோனின் என்று பெயரும் இட்டார். மின்னதிர்ச்சி அளிக்கப்பட்ட பன்றிகளின் மூளையிலிருந்து சாறு தயாரித்து நோயாளிகளுக்கு ஊசி வழியாகச் செலுத்தினார். அப்பொருளைப் பிரித்தெடுத்துவிட்டால் எவருக்கும் மின்னதிர்ச்சி தேவைப்படாது என்பது அவர் கணிப்பு. பிறர் இதனை உறுதிப்படுத்தவில்லை. இன்று அக்ரோஅகோனினை எவரும் ஏற்பதில்லை. ஆயினும் வலிப்பின் பின் மூளையில் நிகழும் வேதி மாற்றங்களிலேயே பயன் அடங்கியிருக்க வேண்டும் என்ற பொதுவான திசையில்தான் ஆய்வுகள் தொடர்ந்தன. இச்சிகிச்சை எவ்வாறு வேலை செய்கிறது என்பதற்கு முழுமையான விளக்கம் இதுவரை இல்லை.

1948 இல் உரோம் பல்கலைக்கழகப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். 1950 இல் பாரிசில் நடந்த முதல் உலக உளமருத்துவ மாநாட்டில் கலந்துகொண்டார். புகழ் பெரும்பாலும் பேராசிரியரையே சேர்ந்தது. கருவியை வடிவமைத்த பினி அவர் நிழலிலேயே நின்றார். செர்லெட்டி 1963 இல் தமது 85 ஆம் வயதில் உரோமில் காலமானார். பினி அவரைவிட முப்பது ஆண்டுகளுக்கும் மேல் இளையவராயினும் மறு ஆண்டே இறந்தார்.

செர்லெட்டிக்குப் பின்

இன்றைய மின்னதிர்ச்சி சிகிச்சை மயக்க மருந்தின் கீழ் நடைபெறுகிறது. 1938 இல் பயன்பட்ட தொடர் அலை மின்னோட்டத்துக்குப் பதிலாக மிகக் குறுகிய துடிப்புகள் செலுத்தப்படுகின்றன. மின்முனைகளைத் தலையின் ஒரு பக்கத்தில் மட்டும் வைக்கும் வழக்கமும் உண்டு. இவ்விரு மாற்றங்களும் மறதியைக் குறைக்கச் செய்யப்பட்டவை. குறைந்ததே தவிர மறதி நீங்கிவிடவில்லை. சிகிச்சைக்கு முந்தைய மாதங்களின் நினைவுகளை நிரந்தரமாக இழந்ததாகக் கூறும் நோயாளிகள் உள்ளனர்.

பல மருந்துகளுக்கும் இணங்காத மனச்சோர்வில் இதனினும் வலுவான சிகிச்சை ஒன்று இன்னும் உருவாகவில்லை. மீண்டும் நோய் வருவதே பெரிய சிக்கல். அமெரிக்காவில் 2001 இல் வெளியான ஆய்வொன்றில், மின்னதிர்ச்சியால் குணமடைந்த பின் வெற்று மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 84 விழுக்காட்டினருக்கு ஆறு மாதங்களுக்குள் நோய் திரும்பியது. இரண்டு மருந்துகளைச் சேர்த்துப் பெற்றவர்களில் இது 39 விழுக்காடாக இருந்தது.

வலிப்பே இல்லாமல் மூளையைத் தூண்டும் முறைகள் பின்னர் வந்தன. 1985 இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கரும் குழுவினரும் தலைக்கு வெளியே வைத்த கம்பிச்சுருளின் காந்தப்புலத்தால் மூளையைத் தூண்டிக் காட்டினர். மனச்சோர்வுக்கு இதனைப் பயன்படுத்த அமெரிக்க மருந்து நிர்வாகம் 2008 இல் அனுமதி தந்தது. கழுத்தில் செல்லும் வேகஸ் நரம்பை, மார்பில் தோலின் கீழ்ப் பதித்த சிறு கருவியால் தூண்டும் முறைக்கு 2005 இல் அனுமதி கிடைத்தது. இது மெதுவாகவே பலன் தருகிறது. மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மின்னதிர்ச்சியோ சில வாரங்களில் பலன் தந்து, பின்னர் தேய்கிறது. விரைவாகப் பலன் தரும் ஒன்றையும் நீடித்து நிற்கும் ஒன்றையும் ஒரே நோயாளிக்குச் சேர்த்து அளிக்கலாமா என்ற கேள்வி இவ்வேறுபாட்டிலிருந்தே எழுந்தது. வேகஸ் கருவி பதிக்கப்பட்டவர்களுக்கு, அதனை நிறுத்தி வைத்துவிட்டு மின்னதிர்ச்சி சிகிச்சை அளித்த மருத்துவர்கள் உள்ளனர். காந்தத் தூண்டலோடு, காதுமடலின் வழியாக வேகஸ் நரம்பைத் தூண்டும் எளிய முறையை இணைத்துச் செய்யும் சோதனைகளும் நடந்து வருகின்றன.